அரைச் சுத்து

எனக்குக் கோவம் மூக்கு நுனியிலதான் இருக்கும் எண்டு அம்மா சொல்லுவா. அண்டைக்கு அந்தக் கோவத்தைக் கிளப்பினதே அவதான். எங்கட தீவில, இறுப்பிட்டிக் கோயில் மடத்துக்குப் புதுக் குழாய் போட்டு, முதல்முதலா நல்ல தண்ணி வரவேண்டிய நாள். விடிஞ்சால் அன்னதானம். தண்ணித் தாங்கியில வேலை செய்யிறவள் நான் எண்டதால அம்மா ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சு வைச்சிருந்தா. "தண்ணி லொறிக்காரனுக்கு, பவுசருக்குச் சொல்லாதேங்கோ. பொழுது படுறதுக்குள்ள என்ர பிள்ளை தண்ணி கொண்டு வருவாள்."

நான் செய்யவேண்டினது ஒரே ஒரு வேலை. தாங்கிக்குத் தண்ணி ஏறுற குழாயில இருக்கிற பெரிய வால்வில ஒரு சின்னப் பெட்டி பொருத்தியிருந்தம். வால்வு திறந்திருக்கோ பூட்டியிருக்கோ எண்டு அது வயர் இல்லாமலே வேலணைப் பக்கத்துப் பம்ப் நிலையத்துக்குச் சொல்லும். முழுக்கத் திறந்திருக்கு எண்ட சேதி போனால்தான் அங்கை பம்ப் ஓடும். எது திறப்பு, எது பூட்டு எண்டு அந்தப் பெட்டிக்குக் கொமியூனிக்கேட்டர் எண்ட கைக்கருவியால சொல்லிக் குடுக்க வேணும்.

கருவியின்ர கிளிப் ரெண்டையும் பெட்டியில கொழுவி, வலையமைப்பு இலக்கம், கடவுச்சொல் எல்லாம் அடிச்சன். பெட்டி உடனை பம்ப் நிலையத்தோட சேர்ந்திட்டுது. எனக்கு வாயில பாட்டே வந்திட்டுது. வால்வு திறந்து பூட்டுற அண்ணை சக்கரத்தை இறுக்கிப் பூட்ட, பூட்டு எண்டு பதிஞ்சன். அவர் முட்டத் திறக்க, திறப்பு எண்டு பதிஞ்சன். கிளிப்பைக் கழட்டுறன், பம்ப் நிலையத்து அக்கா போன் எடுக்கிறா.

"தங்கச்சி, இஞ்சை இடையில நிக்குது எண்டெல்லோ காட்டுது. திறந்ததும் இல்லை, பூட்டினதும் இல்லை."

திரும்ப முதல்ல இருந்து பதிஞ்சம். திரும்பவும் அதே கதை. அதுக்குள்ள அம்மாவின்ர போன்.

"எங்கையடி தண்ணி? சமைக்கிற கிடாரமெல்லாம் காஞ்சு கிடக்கு. சனம் என்ர முகத்தைப் பாக்குது."

"வருமணை, போனை வையணை!" எண்டு கத்திப்போட்டன். பாவம் மனுசி, நான் ஏலாது எண்டால் நாளைக்கு அந்த மடத்துப் பக்கம் தலை காட்டமாட்டா. அதை நினைக்க நினைக்க எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. பெட்டியைத் திட்டினன், அதைச் செய்தவனைத் திட்டினன், கடல் காத்தையும் விடேல்லை.

"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்" எண்டு அண்ணை மெல்லமாச் சொன்னார்.

"தள்ளுங்கோ அண்ணை, நானே திறக்கிறன்!"

ரெண்டு கையாலையும் சக்கரத்தை முட்டும் வரைக்கும் சுத்தினன். திறப்பு எண்டு பதிஞ்சன். பதிஞ்ச கையோட சக்கரத்தை அரைச் சுத்துப் பின்னால விட்டன்.

அண்ணை வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கத் தொடங்கீட்டார். "பிள்ளை, இப்ப உம்மட கை என்ன செய்தது?"

குனிஞ்சு பாத்தன். அட கடவுளே! தீவில பிறந்த ஆரும் குழாயை முட்டத் திறந்தபடி விடாயினம். உப்புக் காத்துக்கு அப்பிடியே இறுகிப் போகும். திறந்து, கொஞ்சம் பின்னால விட்டுத்தான் கையை எடுப்பம். அண்ணையும் நான் பதிஞ்ச பிறகு ஒவ்வொரு முறையும் அதைத்தான் செய்திருக்கிறார். அந்தச் சின்ன விலகலுக்கே பெட்டி இடையில நிக்குது எண்டு சொல்லியிருக்கு.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" எண்டார் அண்ணை. எனக்கும் சிரிப்புத் தாங்கேலாமல் போச்சுது.

நாளைக்கும் அண்ணைதான் திறக்கப் போறார், அவற்ர கை மாறாது. பெட்டி எங்கட பழக்கத்தைப் பழகட்டும் எண்டு, அரைச் சுத்துப் பின்னால நிக்கிற இடத்தையே திறப்பு எண்டு பதிஞ்சன். கொஞ்ச நேரத்தில அக்காவின்ர குரல். "தங்கச்சி, திறந்தது எண்டு காட்டுது. பம்பைப் போடுறன்."

குழாய்க்குள்ள தண்ணி உறுமிக்கொண்டு வந்தது. நான் குழாயில காதை வைச்சுக்கொண்டு நிண்டன்.

பொழுது சாயிற நேரம் அம்மா வீடியோவில வந்தா. மடத்து முத்தம் முழுக்கப் பொம்பிளையள். அம்மா குழாயைத் திறக்க முதல்ல காத்து வந்தது, பிறகு கலங்கல், பிறகு தெளிஞ்ச தண்ணி. எங்கட கிணத்துத் தண்ணியில போட்ட தேத்தண்ணி கூடக் கரிக்கும். அம்மா போனை ஆற்றையோ கையில குடுத்திட்டு, ரெண்டு கையாலையும் ஏந்திக் குடிச்சா.

"என்னணை?" எண்டன்.

அவ என்னைப் பாக்கவே இல்லை. சனத்தைத் திரும்பிப் பாத்துக் கத்தினா: "உப்பில்லை!"