ஆற்றுப் பக்கம் ஒதுங்குகிறவர்கள்

தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் அலுவலகமான கந்தோரில் நான் எழுத்தராக இருந்தபோது, அங்கிருந்து பதுளைக்கு ஆற்றோரமாக ஒரு பாதை வெட்டினார்கள். நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் பொது என்றார்கள். அதன் அகலத்தைத் தீர்மானித்தவர் இரண்டையும் ஒருபோதும் செய்திராதவராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மானாப்புல் மண்டிய மேடு, மறு பக்கம் ஆறு.

பாதையில் குறை என்றால் தோட்டத்துக்கு எழுத வேண்டும். ஆற்றங்கரை அரசாங்கத்தைச் சேர்ந்தது என்று தோட்டம் பதில் தரும். வெட்டியது தோட்டம்தானே என்று அரசாங்கம் கேட்கும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாதை எந்த மட்டும் தாங்கியிருக்கிறது என்று பார்க்க என் பழைய சைக்கிளோடு கிளம்பினேன். வழக்கமாக இரைச்சலிடும் இடத்தில்கூட ஆறு சத்தமில்லாமல் போனது. கற்களெல்லாம் தண்ணீருக்கடியில் இருந்தன. ஒரு வளைவைத் தாண்டியதும், ஆற்றோர விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு வெடிப்பைக் கண்டேன். குடையை உள்ளே விட்டுப் பார்த்தேன். கைப்பிடி வரை இறங்கியது. அடியில் எதுவும் தட்டுப்படவில்லை.

அப்போது எங்கள் தோட்டத்துக் கொழுந்து பறிக்கிற பெண்ணொருத்தியும் அவள் புருஷனும் பின்னால் வந்தார்கள். காய்ச்சல் கண்ட குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். குழந்தை அழவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. என்னைக் கண்டதும் இருவரும் நேரே வெடிப்புக்கு அப்பால் போய் ஒதுங்கி நின்றார்கள்.

தோட்டத்தில் அதுதான் முறை. தோட்டத்தை நடத்தும் துரையோ கந்தோர்க்காரனோ வந்தால் ஆட்கள் தாழ்ந்த பக்கம் ஒதுங்க வேண்டும். மேட்டில் நின்றால் அவர்கள் தலை நம் தலைக்கு மேலே போய்விடுமாம்.

"அங்க நிக்காதே. மண்ணு வெடிச்சிருக்கு. மேட்டுல ஏறு."

"இருக்கட்டுங்க ஐயா. நீங்க போங்க," என்றான் புருஷன்.

"மரியாதை குடுத்தே செத்துப்போவாரு இவரு," என்று சொல்லி அவள் பாதைக்குள் காலெடுத்து வைத்தாள்.

வளைவுக்குப் பின்னால் சைக்கிள் மணி கேட்டது. துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னதுரை. புருஷன் அவள் தோளைப் பிடித்து மறுபடி விளிம்புக்கு இழுத்தான். "தொரை வாறாரு, ஒதுங்கு." அவளும் இப்போது பேசாமல் போனாள். என் சொல்லைத் தட்டலாம். மணியைத் தட்ட முடியாது.

நான் என் சைக்கிளைப் பாதைக்குக் குறுக்கே கிடத்தினேன். துரை சறுக்கி நின்றார்.

"யார் வண்டி இது?"

"என்னுடையதுதாங்க தொரை. இவங்கள மேட்டுல ஏறச் சொல்லுங்க."

எந்த உத்தரவு யார் வாயிலிருந்து வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். துரை என்னைப் பார்த்தார், வெடிப்பைப் பார்த்தார். "மேலே போ," என்றார். இருவரும் புல்லைப் பிடித்துக்கொண்டு உடனே ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் நின்ற இடம் அப்படியே ஆற்றுக்குள் இறங்கியது. துரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

குழந்தை பிழைத்தது. மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், துரையின் உத்தரவைக் கங்காணி உரக்கச் சொன்னார்: கரை இடிந்த இடத்தில் ஆட்கள் மேட்டுப் பக்கம் ஒதுங்கலாம்.

தை பிறந்த பின் ஒரு நாள் அதே பாதையில் போனேன். கரை இடிந்த இடத்துக்குச் சற்று அப்பால், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். என் சைக்கிளின் கிறீச்சொலி கேட்டதும், திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆற்றுப் பக்கம் ஒதுங்கினாள். நான் இறங்கி நின்றேன்.

"மேட்டுப் பக்கம் நிக்கலாம்னு சொன்னாங்கல்ல?"

"அது அந்த எடத்துக்குத்தானுங்களே ஐயா."

அவள் காலடியில் புல் அடர்ந்திருந்தது. அதற்குக் கீழே மண் இருந்ததா என்று என்னால் பார்க்க முடியவில்லை. நான் கடந்து போகும்வரை அவள் அங்கிருந்து நகரப்போவதில்லை.