விழுப்புரம், திண்டிவனம்: சரசா மறுபடி பாடிய ஆடி மாதம்

விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் சேர்த்து இரண்டு நாளில் பார்க்க முடியுமா என்று ஒரு வாசகர் போன வாரம் கேட்டிருந்தார். முடியும். இரண்டுக்கும் நடுவே முப்பத்தேழு முப்பத்தெட்டு கிலோமீட்டர்தான். எனக்கு வயது தொண்ணூறு தாண்டிவிட்டது. அந்தப் பக்கம் நான் முதன்முதலில் போனது 1962 ஆடி மாதம். கேட்டவருக்கு வழியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்த இரண்டு ஊர்களின் பெயரை எழுத ஆரம்பித்தாலே கை வேறு பக்கம் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், தேவையான விவரங்கள் நடுநடுவே வரும்.

நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் மனைவி சரசாவின் கச்சேரிக்காக அவளுடைய ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. சென்னையில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சரசா முறையாகப் பாட்டுக் கற்றவள், பிறகு நாடகக் கம்பெனியில் பாடியவள். ஆலாபனையைச் சுத்தமாக ஆரம்பித்து, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் நாடக மெட்டுக்குத் தாவி, அங்கிருந்து ஏதோ வடக்கத்திப் பாட்டுக்குள் புகுந்து திரும்புவாள். சபாக்காரர்கள் முகம் சுளித்தார்கள். வெளியூர்த் திருவிழாக்களில் அவளைத் தேடி வந்து அழைத்தார்கள்.

அந்த ஆடிக்கு முந்தின வருடம் எங்கள் பெண் காய்ச்சலில் போய்விட்டாள். நாலு வயது. வீட்டில் அம்முலு என்று கூப்பிடுவோம். குழந்தையை நான்தான் கையில் ஏந்திக்கொண்டு போய் அடக்கம் செய்தேன். பெண்கள் அங்கே வரக்கூடாது என்று சரசாவை உள்ளறையில் பிடித்து வைத்திருந்தார்கள். அதன்பிறகு அவள் பாடவில்லை, அழவும் இல்லை. சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். நானும் ஆபீசுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அந்தப் பெயரை இருவரும் வாயில் எடுக்கவில்லை.

விழுப்புரத்தில் ஒரு கச்சேரி, ஐந்து நாள் கழித்துத் திண்டிவனத்தில் ஒன்று என்று அழைப்பு வந்தபோது அவள் சரி என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வீட்டைவிட்டு வெளியே போனால் போதும் என்று எனக்கும் இருந்தது.

எழும்பூரில் காலை வண்டி ஏறினோம். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு மூன்று ரூபாய்க்குச் சற்று மேல். அப்போது நிலக்கரி என்ஜின். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். திண்டிவனம் முதலில் வரும், அப்புறம்தான் விழுப்புரம். இப்போது போகிறவர்கள் திண்டிவனத்தில் முதலில் இறங்கிவிடுவது நல்லது. எங்களுக்கு முதல் கச்சேரி விழுப்புரத்தில் என்பதால் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தோம்.

விழுப்புரம் கச்சேரி ரயில்வே குடியிருப்பை ஒட்டிய மைதானத்தில், சாயங்காலம் ஆறு மணிக்கு. நல்ல கூட்டம். சரசா பாடினாள். சுருதி விலகவில்லை, தாளம் தப்பவில்லை, குரலும் பழைய குரல்தான். ஆனால் சாமான் எல்லாம் காலி செய்துவிட்ட வீட்டில் யாரோ பேசுவதுபோல இருந்தது. மூன்றாவது பாட்டில் ஜனங்கள் எழுந்துபோக ஆரம்பித்தார்கள். ஐந்தாவது பாட்டின் நடுவில் அவள் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எடுக்கவில்லை. ஏற்பாடு செய்தவர் நல்ல மனிதர். உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று அவராகவே சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிட்டார்.

மறுநாள் பஸ்ஸில் திண்டிவனம். ஏறக்குறைய முக்கால் ரூபாய் டிக்கெட், ஒன்றரை மணி நேரம். அங்கே எங்களை அழைத்திருந்தவர் கண்ணுசாமி. மல்லாட்டை மண்டி வைத்திருந்தார்; வேர்க்கடலைக்கு அந்தப் பக்கம் அதுதான் பெயர். அம்மன் கோயில் ஆடித் திருவிழாக் கமிட்டியிலும் இருந்தார். விழுப்புரத்துச் செய்தி எங்களுக்கு முன்னால் அவரிடம் வந்து சேர்ந்துவிட்டது. இருந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் லாட்ஜில் அறை போட்டுக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்கு இன்னும் நாள் இருக்கிறது, பெருமுக்கல் போய் வாருங்கள், மலை ஏறினால் மனசு லேசாகும் என்று சொல்லி அனுப்பினார்.

பெருமுக்கல் மரக்காணம் போகிற சாலையில் இருக்கிறது, சுமார் எட்டு மைல். மேலே சிவன் கோயில். காலையில் போங்கள். வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும், தண்ணீரும் கையோடு கொண்டுபோக வேண்டும். நாங்கள் போன அன்று மலையில் வேறு ஆள் இல்லை. சரசா எங்கும் நிற்காமல் ஏறினாள். உச்சியில் சாமிகூடக் கும்பிடாமல் பாறை விளிம்பில் போய்க் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டாள். கீழே ஏரியும் வயலுமாகக் கண்ணுக்கு எட்டியவரை பரந்து கிடந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்குத் தெரியாமல் அவள் முந்தானையை என் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டேன். பாறை சுட ஆரம்பிக்கும்வரை இருந்தோம். எழுந்திருக்கும்போது, "கைய எடுங்க, நான் குதிக்கல" என்றாள். அன்று முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான்.

அடுத்த நாள் முற்பகல் லாட்ஜ் தெருவில் ஒரு சாவு ஊர்வலம் வந்தது. முன்னால் பேண்டு: ஒரு கிளாரினெட், இரண்டு டிரம். இறந்தது வயதான ஆள், அதனால் மெட்டில் கொஞ்சம் துள்ளல்கூட இருந்தது. சரசா ஜன்னலில் நின்று பார்த்தாள். பிறகு செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போய் ஊர்வலத்தின் பின்னால் நடக்க ஆரம்பித்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். தெருக்கோடியில் ஆண்கள் சுடுகாட்டுப் பக்கம் திரும்பினார்கள், பெண்கள் அங்கேயே நின்று வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். சரசா அவர்களோடு உட்கார்ந்தாள். யார் எவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பெண் அவள் தோளில் கையைப் போட்டு இழுத்துக்கொண்டாள். குழந்தை போனபின் என் மனைவி அழுததை அந்த வட்டத்தில்தான் நான் முதன்முதலில் பார்த்தேன். ஆண்பிள்ளை அங்கே நிற்கக்கூடாது என்பதால் எதிரே வெற்றிலைக் கடையில் போய் நின்றேன். அங்கிருந்து அவள் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது.

சாயங்காலமே அந்தக் கிளாரினெட்காரரைத் தேடிப் போகலாம் என்றாள். பெயர் அந்தோணி. நாற்பது வயது இருக்கும். மற்ற நாளில் கூலி வேலை, மாதா கோயில் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் வாசிப்பு. வெள்ளிக்கிழமை தன்னோடு மேடையில் வாசிக்க வேண்டும் என்று சரசா கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார், நான் சொல்லித்தான் அவள் கேட்கிறாளா என்பதுபோல.

"யம்மா, நாங்க சாவுக்கு வாசிக்கிறவங்க. கோயிலாண்ட மேடையில எங்கள ஏத்த மாட்டாங்க. உங்களுக்கும் பேஜாரு, எங்களுக்கும் பேஜாரு" என்றார்.

ஏற்றாவிட்டால் தானும் ஏறப்போவதில்லை என்றாள் சரசா. நேரே மண்டிக்குப் போய்க் கண்ணுசாமியிடமும் அதையே சொன்னாள். கமிட்டியில் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஊர் இரண்டுபட்டுவிடும் என்றார். கோயில் வேண்டாம், வேறு எங்கேயாவது இடம் கொடுங்கள் என்றாள் இவள். கடைசியில் அவர் மண்டியின் வாசலைக் காட்டினார்.

"இது என் எடம். இங்க யாரு பாடணும்னு எவனும் எங்கிட்ட கேட்டுக்கினு வர முடியாது. ஆனா நாற்காலி போட்டா வந்து குந்துவாங்களான்னு எனக்குத் தெரியாதுமா."

வியாழன், வெள்ளி இரண்டு பிற்பகலும் மண்டிக்குப் பின்னால் கோணிச் சாக்குகளின்மேல் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். அவள் ஒப்பாரியை எடுத்தாள். அந்தோணி வாசித்துவிட்டு இது சாவு மெட்டும்மா என்று தயங்கினார். இன்னும் வேகமாக வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். இன்னும் வேகமாக என்றாள். டிரம்காரர் சிரித்துக்கொண்டே ஓர் அடியை மாற்றிப் போட்டார். அழுகையாக இருந்தது கும்மியாகிவிட்டது. அதற்குமேல் அவள் ஓர் ஆலாபனையை ஏற்றினாள். நெடுநாள் கழித்து அவள் கண் ஒரு பொருளில் நிலைத்து நிற்பதைப் பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். நான் எழுந்து மண்டி வாசல் பக்கம் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முன்வரிசை நாற்காலிகள் காலி. கமிட்டிக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. கடைசிவரை வரவே இல்லை. நாற்காலிகளுக்குப் பின்னால் மண்டி வாசல் கொள்ளாத ஜனம். மல்லாட்டைக் கொல்லையில் களையெடுத்துவிட்டுக் கையில் மண்ணோடு வந்த பெண்கள், வண்டிகளின்மேல் ஏறி நின்ற ஆண்கள், கோயிலில் கேப்பைக் கூழ் வாங்கிய தூக்கோடு அப்படியே வந்தவர்கள். முதலில் ஓர் அம்மன் பாட்டு. கிளாரினெட் உள்ளே நுழைந்ததும் கூட்டம் நிமிர்ந்தது. அடுத்து நாடகப் பாட்டு, அதிலிருந்து களையெடுக்கிற பாட்டு. பெண்கள் கூடவே பாடினார்கள். பிறகு அந்தத் துள்ளல் மெட்டை எடுத்தாள். ஒத்திகையில் வார்த்தை இல்லாமல் பாடியிருந்தாள். இப்போது வார்த்தை வந்தது.

"வளர்ந்தா போட்டுக்கலாம்னு வாங்கிவச்ச சட்டை, அம்முலு,
மடிப்புக் கலையலியே, மல்லுக்கட்ட உன்னக் காணலியே, அம்முலு."

அந்தச் சட்டையை வாங்கியது நான். ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும் என்று கடைக்காரரிடம் சொல்லி வாங்கினேன்.

மூன்றாவது அடியில் கூட்டம் பிடித்துக்கொண்டது. அவள் ஓர் அடி பாட, அம்முலு என்று அத்தனை பேரும் சேர்ந்து முடித்தார்கள். கைதட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, குதித்துக்கொண்டு சொன்னார்கள். வண்டிமேல் நின்ற ஒருவர் துண்டைச் சுழற்றினார். யாருடைய பெயர் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது; ஏதோ கேலிப் பாட்டின் பெண் என்று நினைத்திருப்பார்கள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டு மூன்று முறை பாட வைத்தார்கள். காலி நாற்காலி ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தேன்.

கச்சேரி முடிந்து லாட்ஜுக்கு நடக்கும்போது, அந்தப் பாட்டை எதற்கு இப்படிப் பாடினாய் என்று கேட்டேன். அவள் முகம் வியர்த்துப் பளபளவென்று இருந்தது.

"அழுது பாடினா விழுப்புரத்துல எழுந்து போனமாதிரி போயிடுவாங்க. வீட்ல சொல்லலாம்னா உங்க மொகத்தப் பாத்தா வாய் வரல" என்றாள். கொஞ்ச தூரம் நடந்தபின், "இங்க நான் சொன்னா, எல்லாரும் கூடச் சேர்ந்து சொல்றாங்க" என்றாள்.

ஆர்மோனியப் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு, விழுப்புரத்தில் ஏற்பாடு செய்திருந்தவரே ஆள் அனுப்பி மறுபடி கூப்பிட்டார். அதே மைதானம். போன முறை எழுந்துபோன ஜனங்கள் இந்த முறை கயிற்றை மீறி மேடைவரை வந்தார்கள். அந்தோணியைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். வல்லம் பக்கத்திலும் திருவக்கரையிலும் ஆடி முடிகிறவரை கச்சேரிகள் பேசப்பட்டன. என் விடுமுறை முடிந்துவிட்டது. திங்கட்கிழமை வண்டியில் நான் மட்டும் சென்னை திரும்பினேன். பூட்டைத் திறந்து உள்ளே போய் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு ஒரு போக்கிடம் கிடைத்துவிட்டது, எனக்குக் கிடைக்கவில்லை என்பது அன்று புரிந்தது.

பயணத் தகவல் கேட்டவருக்கு: இப்போது சென்னையிலிருந்து திண்டிவனம் சுமார் நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர், விழுப்புரம் நூற்று அறுபது. பஸ்ஸும் ரயிலும் நாள் முழுக்க உண்டு. திருவக்கரையில் வக்கிரகாளியம்மன் கோயிலையும் கல்லாகிப்போன மரங்களையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். பௌர்ணமியன்று போனால் கூட்டத்தில் நசுங்குவீர்கள். ஆடியில் போனால் கூழ் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

சரசா அந்தோணி குழுவோடு பல வருடம் பாடினாள். வீட்டில் நல்ல மனைவியாக இருந்தாள். வேறு குழந்தை எங்களுக்குப் பிறக்கவில்லை. அம்முலு என்ற பெயர் வீட்டுக்குள் எழவே இல்லை. லீவு கிடைத்தபோதெல்லாம் நான் அவள் கச்சேரிக்குப் போய்க் கடைசியில் நின்றுகொள்வேன். கூட்டம் அந்தப் பெயரைச் சொல்லும்போது நானும் சொல்வேன். எனக்கு அதைச் சொல்ல இருந்த இடம் அது ஒன்றுதான். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கச்சேரி முடிந்து வரும் வழியில், "இன்னிக்கு நீங்க கொஞ்சம் பிந்திட்டீங்க" என்றாள். அத்தனை பேர் சத்தத்தில் என் குரலை அவள் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது அந்த ஒரு வாக்கியம்தான்.

அவள் போய்ப் பல வருடமாகிவிட்டது. அந்தப் பாட்டை வேறு யாரும் பாடுவதில்லை. வீட்டில் தனியாக இருக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். குரல் எழும்பவில்லை.