பாதி வழியில் திரும்பிய டாக்சி

மார்ச் 12, வியாழன், காலை 9.40, தூறல். ஒரு வயதுப் பேரனுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட, தேக்கா வீட்டிலிருந்து, மருத்துவர் இருக்கும் மருந்தகத்துக்கு அவனோடு டாக்சியில் கிளம்பினேன். வழியில் அவன் மூன்று முறை தும்மினான். கைகளில் கரப்பான் படை பதினோரு இடங்களில் சிவந்திருந்தது. கரப்பானோடு ஊசி போட்டால் அது உடம்புக்குள் இறங்கிவிடும் என்று பயந்து, டாக்சியைத் திருப்பச் சொன்னேன்.

மாலையில் மருமகள், "போயிட்டு வந்தாச்சா, மாமா?" என்றாள். "ஆச்சு" என்றேன். போனதும் வந்ததும் உண்மைதானே.

ஆறாம் நாள் பிற்பகல் அவள் கைப்பேசியோடு ஓடி வந்தாள். "வெளிநாட்டுலேர்ந்து வந்த ஒரு பிள்ளை நேத்து இவன் போற பிள்ளைக் காப்பகத்துக்கு வந்துச்சாம். இன்னிக்கு அதுக்குத் தட்டம்மையாம். நல்லவேளை, இவனுக்கு ஊசி போட்டாச்சு லா!"

உண்மையைச் சொன்னேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி டாக்சி பிடித்தாள். பின்னாலேயே ஓடி ஏறினேன்.

மருந்தகத்தில் தாதி விவரம் கேட்டார். "நேத்துதானே? மூணு நாளுக்குள்ள வந்துட்டீங்க, இப்பப் போட்டாலும் காப்பாத்தலாம். கரப்பானோ லேசான சளியோ ஊசிக்குத் தடையே இல்ல, தாத்தா. அன்னிக்கே உள்ள வந்து கேட்டிருக்கலாம்ல?"

அப்போதே ஊசி போட்டார்கள். இருபத்தொரு நாள், காலையும் மாலையும், நாற்பத்திரண்டு முறை காய்ச்சல் பார்த்தேன். தட்டம்மை வரவில்லை.

இப்போது பேரன் உடம்பில் எது தெரிந்தாலும் மருந்தகத்தில் காட்டிக் கேட்கிறேன். மருமகளிடம் வெறும் "ஆச்சு" என்பதில்லை. என்ன ஆச்சு என்று முழுதாகச் சொல்கிறேன். இரண்டு நாள் டாக்சிக்கும் சேர்த்து ஆனது 38 வெள்ளி 60 காசு.