மெங்கியா எடுத்து வைத்த மூன்று பேட்டரிகள்

வல்சாரா என்ற பனிமலைக் கிராமத்தில் காலை ஏழு மணிக்கு யாராவது பனியில் முழங்கால் புதைய நின்றால் அது மெங்கியாவாகத்தான் இருக்கும். தபால் பேருந்து ஓட்டுவது அவள் வேலை. அதற்கு முன்னால் பனியின் உயரத்தை அளந்து, பள்ளம் தோண்டி, அடுக்கடுக்காகத் தொட்டுப் பார்த்து, பனிச்சரிவு எச்சரிக்கை அலுவலகத்துக்குச் சொல்வது பத்தொன்பது வருடப் பழக்கம். யாரையும் தடுக்க அவளுக்கு அதிகாரம் கிடையாது. சொல்லலாம், அவ்வளவுதான். கேட்கிற ஊரா அது!

அவள் கணவன் லுரேங் தச்சன், ஊர்ப் பனிச்சறுக்குச் சங்கத்தின் தலைவன். பிப்ரவரி கடைசி ஞாயிறு சங்கத்தார் வடக்குச் சரிவில் ஏறிப் போய்ச் சறுக்கி இறங்குவது வழக்கம். அந்த வருடம் அதற்கு முந்தின நாள் மெங்கியா அதே சரிவின் ஓரத்தில் தோண்டினாள். மேலே புதுப்பனி கெட்டியாக, பார்க்க அழகாக இருந்தது. அதன் அடியில் சர்க்கரை மாதிரி உதிர்கிற பழைய பனி. ஒரு தூணாக வெட்டி, மேலே மண்வாரியை வைத்துக் கையால் தட்டினாள். பதினோராவது தட்டில் மேல்பாதி அப்படியே வழுக்கி அவள் மடியில் விழுந்தது. பனியை உதறிவிட்டு நேரே வீட்டுக்குப் போனாள்.

"லுரேங், நாளைக்கு வேணாம். அடியில ஒட்டவே இல்ல."

"நேத்து மூணு பேர் இறங்கின தடம் அங்கயே கிடக்கு. அவங்கள விட்ட சரிவு எங்கள மட்டும் முழுங்குமா?"

"தடம் இருந்தா பத்திரம்னு எவன் சொன்னான்?"

"பனி டாக்டரம்மா, உனக்கு எல்லாச் சரிவும் நோயாளிதான்," என்று சிரித்துவிட்டு அவன் சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு தேய்க்கப் போனான்.

ஞாயிறு காலை ஏழு பேர் கூடினார்கள். கிளம்புமுன் ஒவ்வொருவரும் மார்பில் கட்டிய தேடுகருவியை முடுக்கிக் காட்ட வேண்டும். பனியில் புதைந்தால் ஆள் கிடக்கும் இடத்தை அதுதான் சொல்லும். சத்தம் வராதவர் போகக் கூடாது, தலைவர் இல்லாமல் சங்கம் போகக் கூடாது. இரண்டும் லுரேங்கே எழுதிய விதிகள். ஆறு கருவிகள் கீச்சிட்டன. அவனுடையது ஊமையாக இருந்தது. திறந்து பார்த்தால் மூன்று பேட்டரியும் இல்லை. வீட்டு டிராயரில் இருந்த மாற்று பேட்டரிகளையும் காணோம். ஞாயிற்றுக்கிழமை கடை ஏது? மெங்கியா அந்நேரம் பேருந்தோடு பாதிப் பள்ளத்தாக்கைத் தாண்டியிருந்தாள்.

அன்று யாரும் மேலே ஏறவில்லை. சரிவுப் பனியும் இறங்கவில்லை. மறுநாளும் இல்லை. மே மாதம் வரை கிடந்து சாதுவாக உருகிப் போனது. ஊர் அவளை விடவில்லை. "பேட்டரி இருக்கா, வண்டி கிளம்புமா?" என்று கேட்டுத்தான் பேருந்தில் ஏறினார்கள். லுரேங் மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது. தான் செய்தது சரியா என்று அவளுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

அடுத்த பிப்ரவரி. கடைசி சனிக்கிழமை அவள் மண்வாரியோடு கிளம்பும்போது லுரேங் கருவியைத் திறந்து, மூன்று பேட்டரிகளை மேசையில் எடுத்து வைத்தான்.

"நீயே வச்சுக்க. தோண்டிப் பாத்துட்டு, குடுக்கலாம்னா குடு."

அவள் அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். "காபி ஆறுது, குடி," என்று சொல்லிவிட்டுப் பனியில் இறங்கினாள்.