கையைத் தூக்கினார், நிற்க முடியவில்லை

என் கணவர் மட்டக்களப்பு வாவியில் தோணியில் நின்றபடியே வலை வீசுகிறவர். அன்று காலை மீனோடு திரும்பியவர், முற்றத்தில் நிற்க முடியாமல் ஒரு பக்கமாகச் சரிந்தார். ஓங்காளித்துச் சத்தி எடுத்தார். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார்.

பக்கவாதமோ என்று பயந்தேன். என் தம்பி அவரைக் கையைத் தூக்கச் சொன்னான், சிரிக்கச் சொன்னான். இரண்டையும் செய்தார். "அத்தானுக்கு ஒண்டுமில்லக்கா, வெயிலுக்குப் பித்தம். தேசிக்காய்த் தண்ணி குடுங்க" என்றான். நானும் பிழிந்து, சீனி கரைத்துக் கொடுத்தேன். மத்தியானம் பேச்சுக் குழறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"மூளையிர பின்பக்கம் இரத்தக் குழாய் அடைச்சிருக்கு. இதுவும் பக்கவாதந்தான், இதுக்குக் கையும் முகமும் நல்லாவே இருக்கலாம். ஏன் இவ்வளவு நேரம் சுணங்கினீங்க?" என்று டொக்டர் கேட்டார். கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே தொடை வழியாக மூளை வரைக்கும் குழாய் விட்டு, இரத்தக் கட்டியை இழுத்தெடுத்தார்கள். பிழைத்தார்.

தம்பி இன்னும், "நான் பாக்கக்குள்ள கையத் தூக்கினவர்தானே" என்கிறான். அவனோடு பேசிப் பயனில்லை. இப்போது யாருக்காவது திடீரென்று தலை சுற்றினால், கையைத் தூக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், பிடித்துக்கொண்டு நடக்க வைத்தும் பார்க்கிறேன். தள்ளாடினால் தேசிக்காய் தேடுவதில்லை, வாகனம் தேடுகிறேன்.

ஆடுகிற தோணியில் நிற்கிறவர் ஆடாத தரையில் விழுந்தார். அதற்குமேல் எனக்கு என்ன சோதனை வேண்டியிருந்தது?