என் பெயரில் ஒரு ஜீவசமாதி

காலை ஆறரைக்கு வேலூரில் பேருந்து ஏறி, எண்பது சொச்சம் கிலோமீட்டர் கடந்து, ஒன்பது மணிக்குத் திருவண்ணாமலையில் இறங்கினேன். பையில், ‘சிற்பி ஏழுமலை’ என்று வெட்டிய ஒரு சாண் கல்பலகை. கிரிவலப் பாதையில் உள்ள ஒரு சிலையின் பீடத்தில் அதைப் பதிக்க வேண்டும். எனக்கு எழுபத்தெட்டு வயது. இனித் தள்ளிப்போட முடியாது.

முப்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே நடந்த சிற்பிகள் முகாமுக்கு நான் பொறுப்பாளன். கீழ்பென்னாத்தூர்க்காரரான ஏழுமலை, கல்லுடைக்கும் தொழிலாளி ஒருவர் உட்கார்ந்திருப்பதாகச் செதுக்கினார். இப்படி ஒன்று என் கைக்கு வராது என்று பார்த்த அன்றே தெரிந்துவிட்டது. திறப்புக்கு முன்தினம் பீடத்திலிருந்த அவர் பெயரைத் தேய்த்து எடுக்கச் செய்து, ‘சொக்கலிங்கம்’ என்று என் பெயரை வெட்ட வைத்தேன். அவர் உளிகளைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். சென்ற மாதம் இறந்துவிட்டார்.

ஆட்டோ ஓட்டுநரிடம் இடத்தைச் சொன்னேன்.

“சொக்கலிங்க சித்தர் சமாதிங்களா? நூறு ரூபா குடுங்க.”

“எந்தச் சித்தர்?”

“இன்னா சார், அவருக்குன்னே வெளியூர்லேர்ந்து வராங்க! உக்காந்தபடியே அடங்கிட்டாரு. பௌர்ணமின்னா கும்பல் ஜாஸ்தி.”

ஒன்பதே முக்கால். ரமணாசிரமம் தாண்டி, சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. பலகையில் கொட்டை எழுத்தில் என் பெயர். அதன் கீழ் ‘ஜீவசமாதி’. உள்ளே எண்ணெயில் கறுத்து, காவி கட்டி, தொழிலாளி உட்கார்ந்திருந்தார். முதுகில் உளித்தடங்களை அப்படியே விட்டு, முகத்தை மட்டும் ஏழுமலை வழவழப்பாக்கியிருந்தார். எழுந்துகொள்ளப்போவதுபோல் ஒரு கை முழங்காலை அழுத்துகிறது. கல்தூளுக்காக இடுக்கிய கண்களை நிஷ்டை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

கற்பூரம் விற்கும் பெண் ஒருத்திதான் பூசையும் செய்கிறாள். “மார்ல காதை வெச்சுப் பாருங்க. மூச்சு உடுது” என்றாள்.

வைத்தேன். கல் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஏதோ மெல்ல ஏறி இறங்கியது. என் மூச்சாகத்தான் இருக்கும். காதை எடுத்த பிறகும் அது உடனே நிற்கவில்லை.

“உள்ள யாரும் இல்லம்மா. அந்தச் சொக்கலிங்கம் நான்தான்.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சித்தர்கள் மனித உருவில் இந்த மலையைச் சுற்றுவதாக இங்கே நம்புகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“எப்ப சாமி வெளிய வந்தீங்க?” என்றாள். அப்படியே என் காலில் விழுந்தாள். கும்பிட வந்த ஓட்டுநரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்.

“எழுந்திரும்மா. நான் ஒரு திருட்டுப்பய. இவர் பேரை அழிச்சேன்.” பையிலிருந்த கல்பலகையை அவள் கையில் கொடுத்தேன். “எல்லாம் செஞ்சவர் இவர்தான். நான் வெறும் பேரு.”

அவள் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டுநரிடம் திரும்பினாள். “கேட்டியா அண்ணே? ‘நான் வெறும் பேரு’னு சொல்லுது சாமி. இன்னா ஒரு வாக்கு!” பிறகு என்னிடம் தணிந்த குரலில், “ஏழுமலைங்கறவரு உங்க சீடருங்களா?” என்றாள்.

இல்லை என்றேன். மூன்று முறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் இருவரும் கை கூப்பினார்கள்.

பேருந்து நிலையத்தில் திரும்பக் கொண்டுவந்து விட்ட ஓட்டுநர் பணம் வாங்க மறுத்தார். நூறு ரூபாய்த் தாளை இருக்கையில் வைத்துவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது, அவர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.