சாப்பிடப் போக பட்டுப் புடவை எதுக்கு?

போன மாதம் புதுச்சேரிப் பக்கம் ஒரு கடலோர ரிசார்ட்டில், டின்னர் நேரத்தில், ஏழு பேரை வரவேற்று டேபிளில் உட்கார வைத்தேன்.

ஜன்னலோர டேபிள். நல்ல காற்று வரும்.

ஒரே ஒரு சிக்கல்... நான் அந்த ஹோட்டலில் வேலை பார்க்கவில்லை.

இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

மகள் நிவிக்கு செமஸ்டர் லீவு. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து எங்காவது போய் மூன்று வருடம் ஆகிறது. இரண்டு ராத்திரி தங்குவதாக ஏற்பாடு. ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் பெட்டி கட்டும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது.

ரிசார்ட்டின் ரெஸ்டாரன்டை போட்டோவில் பார்த்திருந்தேன். மேஜை மேல் மெழுகுவர்த்தி, விசிறி போல மடித்த துணி நாப்கின். பார்த்ததும் என் அரக்குப் பட்டை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். பச்சை பார்டர். தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எடுத்தது. கட்டியது அந்த ஒரு நாள்தான்.

"அம்மா, ப்ளீஸ். ரிசார்ட்ல யாரும் பட்டு கட்ட மாட்டாங்க. செம கிரிஞ்சா இருக்கும்" என்றாள் நிவி.

"கல்யாணத்துக்கா போறோம்? சாப்பிடத்தானே போறோம். வாய் இருந்தாப் போதும்" என்றார் வீட்டுக்காரர்.

அவர் பெட்டியில் மூன்று அரை டிராயர். ஏதோ மாரத்தானில் கொடுத்த டி-ஷர்ட் இரண்டு. அவர் ஓடவில்லை. டி-ஷர்ட் மட்டும் வாங்கி வந்தார்.

"நீங்க தாராளமா டிராயர்ல வாங்க. நான் பட்டு கட்டிட்டுதான் வருவேன்" என்றேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில், பெருங்களத்தூர் தாண்டிய காரைத் திருப்பச் சொன்னவள். காலேஜ் பஸ் பத்து நிமிடம் லேட்டானால் முனை வரை போய் நிற்பவள். அப்படிப்பட்ட நான் ஒரு விஷயத்தில் இவ்வளவு பிடிவாதமாக நின்றது எனக்கே ஆச்சரியம்.

முதல் நாள் சாயங்காலம் பட்டு கட்டினேன். மல்லிகைப்பூ வைத்தேன். நிவி சார்ஜரைத் தேடிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் கடல் மணலைக் காலிலிருந்து கழுவிக்கொண்டிருந்தார். "நீ போ கீதா, நாங்க பின்னாலயே வரோம்" என்றார். முன்னால் நடந்தேன்.

ரெஸ்டாரன்ட் வாசலில் பெரிய பித்தளை உருளி. தண்ணீரில் ரோஜா இதழ்கள். பக்கத்தில் குத்துவிளக்கு. ஒரு தட்டில் சந்தனம், குங்குமம், கல்கண்டு. வரவேற்க நின்றிருந்த பெண்மணி யாரையோ அழைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். அவர் புடவையும் அரக்கு நிறம், பச்சை பார்டர். 'அட, நம்ம கலர்!' என்று சந்தோஷப்பட்டேன். அதோடு விட்டேன்.

விட்டிருக்கக் கூடாது.

உருளி, விளக்கு, சந்தனத் தட்டு, பட்டுப் புடவை... இவை எல்லாம் சேர்ந்தால் தாம்பரம் வட்டாரத்துப் பெண்ணின் உடம்பு என்ன நினைக்கும்? கல்யாண மண்டப வாசல் என்று நினைக்கும்! முடிச்சூரில், மாடம்பாக்கத்தில், குரோம்பேட்டையில் என்று எத்தனை மண்டபங்கள். "கீதா, நீ கொஞ்சம் வாசல்ல நில்லு" என்று யாராவது நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். வருகிறவர் பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்றுகூடத் தெரியாது. சிரிக்க வேண்டும். வாங்க என்று சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருடப் பயிற்சி.

அப்போதுதான் அந்த ஏழு பேரும் வந்தார்கள். அரை டிராயர், கையில்லாத பனியன். ஒருவர் தோளில் நீச்சல்குளத்து டவல்கூட இருந்தது.

என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"வாங்க, வாங்க!"

"ஹாய்... நாங்க ஏழு பேர்" என்றார் டவல்காரர்.

'நானும் சாப்பிடத்தான் வந்தேன் சார்' என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவர் அத்தனை நம்பிக்கையோடு கேட்டுவிட்டார். இல்லை என்று சொன்னால் அவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. உங்களில் யாருக்காவது இது புரிகிறதா? புரிகிறவர்கள் ஜாக்கிரதையாக இருங்கள்.

"ஏழு பேரா... உள்ள வாங்க" என்று நடந்தேன். ஏழு பேரும் பின்னாலேயே வந்தார்கள்.

ஜன்னலோரம் நீள டேபிள் ஒன்று காலி. மேலே ஒரு சின்ன அட்டை நின்றது. ஏதோ விளம்பரம் என்று நினைத்து எடுத்து ஓரமாகக் கவிழ்த்து வைத்தேன். "இங்க உட்காருங்க, காத்து வரும்" என்றேன். அவர்களோடு வந்த குழந்தைக்கு நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டேன்.

"கொஞ்சம் தண்ணி அனுப்பறீங்களா?"

"சொல்றேன்."

சொல்லவும் செய்தேன்! அந்தப் பக்கம் போன வெயிட்டரிடம். அவரும் தலையாட்டிவிட்டுக் கொண்டுவந்தார்.

பிறகு ஒரு மூலை டேபிளுக்குப் போய் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். வீட்டுக்காரரும் நிவியும் வந்தார்கள். நடந்ததை நான் சொல்லவில்லை. சூப் வந்தது.

பாதி சூப்பில் வாசலில் சத்தம் கேட்டது. கையில் கேக் பெட்டியோடு ஒரு பெரிய குடும்பம். அவர்களின் அப்பாவுக்கு அன்று எழுபதாவது பிறந்த நாளாம். முன்பே சொல்லி வைத்த டேபிள்... ஜன்னலோர டேபிள். நான் கவிழ்த்து வைத்த அட்டையில் இருந்தது அவர்கள் பெயர்.

ஏழு பேரும் எழுந்திருக்க மறுத்தார்கள். நியாயம்தானே? "உங்க ஸ்டாஃப்தான் சார் எங்களை இங்க உட்கார வெச்சாங்க. மெரூன் சாரி, கிரீன் பார்டர்" என்றார் டவல்காரர்.

மேனேஜர் திரும்பினார். முப்பது வயதுகூட இருக்காது அவருக்கு.

"லூர்து! இங்க வா. ரிசர்வ்ட் போர்டு கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?"

வாசலில் நின்ற பெண்மணி ஓடி வந்தார். "நான் இல்ல சார். நான் அந்தப் பக்கம் வேற ஆளுங்களை உட்கார வெச்சிட்டிருந்தேன்..."

"அப்ப யாரு? உன்னைத் தவிர இங்க யாரு இந்தப் புடவை கட்டியிருக்கா?"

லூர்து தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"நாளைலேருந்து நீ முன்னாடி நிக்க வேணாம். பின்னாடி போய் நாப்கின் மடி. இன்னொரு கம்ப்ளைன்ட் வந்துது... வேலைக்கே வர வேணாம்."

என் ஸ்பூன் கிண்ணத்தில் விழுந்தது.

"என்னம்மா? உன் மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?" என்றாள் நிவி.

"நான்தான்."

"என்ன நான்தான்?"

"நான்தான் அவங்களை உட்கார வெச்சேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் புடவையைப் பார்த்தார்கள். லூர்துவின் புடவையைப் பார்த்தார்கள். நிவிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியது.

வீட்டுக்காரர் என் பக்கம் குனிந்தார். "பேசாம சாப்பிடு. அவங்களே பார்த்துப்பாங்க. நமக்கெதுக்கு வம்பு?"

அது உண்மையில் அவர் வசனம் இல்லை. என்னுடையது. சின்ன வயதிலிருந்து நிவியிடம் நான் சொல்லி வருவது. பஸ்ஸில் யாராவது சண்டை போட்டால், காலேஜில் யாருக்காவது அநியாயம் நடந்தால், 'பேசாம வா, நமக்கெதுக்கு வம்பு.' அந்த நிவி இப்போது சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தேன். கொசுவம் தடுக்கியது. எப்படியோ மேனேஜர் முன்னால் போய் நின்றேன்.

"சார், அவங்க மேல தப்பில்ல. உட்கார வெச்சது நான்தான்."

"நீங்க... யாரு மேடம்?"

"ரூம் நம்பர் பதினாலு."

"நீங்க எதுக்கு மேடம் உட்கார வெச்சீங்க?"

"ஏழு பேர்னு சொன்னாங்க..."

ஜன்னலோரம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டவல்காரர் எழுந்தே விட்டார். "ஐயோ ஆன்ட்டி, சாரி, சாரி!" என்றார். ஏழு பேரும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வேறு டேபிளுக்கு நகர்ந்தார்கள்.

மேனேஜர் முகத்தில் உடனே ஒரு புன்னகை. "நோ ப்ராப்ளம் மேடம். நீங்க போய் சாப்பிடுங்க."

பாருங்கள்... தப்பு அதேதான். டேபிள் அதேதான். ரூம் நம்பர் பதினாலு செய்தால் 'நோ ப்ராப்ளம்'. லூர்து செய்தால் வேலைக்கே வர வேணாம்.

"அதை அவங்ககிட்ட சொல்லுங்க சார்."

"எதை மேடம்?"

"நோ ப்ராப்ளம்னு... அவங்ககிட்ட சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே கேக் பெட்டிக்காரர்களிடம் போய்விட்டார்.

கை கழுவும் இடத்தில் லூர்துவைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க மேடம். நீங்க வந்து சொன்னதே பெருசு" என்றார். என் தலைப்பை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். "உங்களது ஒரிஜினல் பட்டு. எங்களுக்குக் குடுக்கறது சிந்தெடிக். வேர்வையே இழுக்காது. மத்தியானம் பன்னெண்டுக்குக் கட்டினா ராத்திரி பதினொண்ணு வரைக்கும் இதுதான். வூட்டுக்குப் போனதும் மொத வேலை இதை அவுத்துக் கடாசறதுதான்."

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. நம் தாம்பரம் கேம்ப் ரோட்டு ஹோட்டல்களில் சாப்பிட வருபவர் சலவைச் சட்டையில் வருகிறார், பரிமாறுபவர் பழைய பனியனில் இருக்கிறார். ஹோட்டல் உசர உசர இது தலைகீழாகிறது. பரிமாறுபவர் பட்டு மாதிரி ஒன்றைச் சுற்றிக்கொண்டு பதினோரு மணி நேரம் நிற்கிறார். சாப்பிடுபவர் ஈர டவலோடு வருகிறார். 'லீவுதானே, ரிலாக்ஸா இருப்போம்' என்கிறோம். சரி... யாருக்கு லீவு? நம்மை வரவேற்க ஒருத்தர் தலை வாரி, பொட்டு வைத்து, புடவை மடிப்பு கலையாமல் நிற்கும்போது, அவர் முன்னால் நாம் காலில் மணலோடு போய் நிற்பதுதான் ஸ்டைலா?

கூட வேலை பார்ப்பவர் கல்யாணத்துக்கு உடுத்திப் போகிறோம். அது நம் பெருமைக்கு மட்டுமா? கூப்பிட்டவர்களுக்கு மரியாதை. இதுவும் அப்படித்தான் என்று முடிவு கட்டினேன். பட்டுதான் கட்ட வேண்டும் என்றில்லை. துவைத்தது, மடித்தது, வேண்டுமென்றே எடுத்து உடுத்தியது. அது போதும்.

மறுநாள் சாயங்காலம் அதே பட்டை எடுத்தேன்.

"அம்மா, திரும்ப அதேவா? யாராவது பில் கேட்கப் போறாங்க" என்றாள் நிவி. சொல்லிவிட்டு, தன் குர்தாவை ரூமில் இருந்த இஸ்திரிப் பெட்டியில் தேய்க்க ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் கார் ஓட்டி வந்தபோது போட்டிருந்த பேன்ட்டை எடுத்துக் கொடுத்தார். "இதையும் ஒரு இழு இழுத்துடு" என்றார்.

ரெஸ்டாரன்ட் வாசலில் லூர்து இல்லை. மேனேஜர்தான் நின்றார்.

"லூர்து எங்க சார்?"

"உள்ள வேலையா இருக்காங்க மேடம். நீங்க வாங்க, கடல் பார்த்த டேபிள் தரேன்."

"அவங்க வந்து கூப்பிட்டா உட்காருறோம்."

"மேடம், அது..."

"நாங்க நிக்கறோம் சார். அவசரமில்ல."

குரல் நடுங்கியதா என்று கேட்காதீர்கள். நடுங்கியது. ஆனால் கால் நகரவில்லை. பின்னால் ஒரு குடும்பம் வந்து நின்றது. பிறகு இன்னொன்று.

"எனக்குக்கூட பசியில்ல சார். நிதானமா வரட்டும்" என்றார் வீட்டுக்காரர். ஏழரைக்கு மேல் சாப்பாடு தள்ளிப்போனால் இவருக்குத் தலைவலி வந்துவிடும். அப்போது மணி எட்டு.

மேனேஜர் வரிசையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், உள்ளே போனார்.

லூர்து வந்தார். கையில் இன்னும் ஒரு நாப்கின். எங்கள் மூன்று பேரையும் மேலிருந்து கீழ் வரை ஒரு முறை பார்த்தார். நாப்கினை இடுப்பில் செருகிக்கொண்டு, சந்தனத் தட்டை எடுத்து நீட்டினார்.

"வாங்க மேடம், வாங்க சார். வா பாப்பா."

என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. கிளம்பும்போது அவர் வாசலில்தான் நின்றார். "நாளைக்கும் இருக்கீங்களா மேடம்?" என்றார்.

"இல்லம்மா, காலைல கிளம்பறோம்."

"ஓ" என்றார்.

அந்த 'ஓ' திண்டிவனம் வரை என்னோடு வந்தது. செங்கல்பட்டு வந்தது. தாம்பரம் வந்தும் இறங்கவில்லை. நாங்கள் இருந்த ஒரு ராத்திரி அவர் வாசலில் நின்றார், சரி. நாங்கள் போன பிறகு?

இரண்டு வாரம் பொறுத்தேன். போன செவ்வாய்க்கிழமை அந்த ரெஸ்டாரன்டுக்கு போன் போட்டேன். என்ன கேட்பது என்று யோசிக்கவில்லை. இரண்டு முறை மணி அடித்தது.

"வணக்கம், வரவேற்பிலிருந்து லூர்து பேசறேன். எத்தனை பேருக்கு டேபிள் வேணும்?"

வரவேற்பில்தான் இருக்கிறார்! 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்டிருக்கலாம். 'நான்தான், பதினாலாம் நம்பர்' என்று சொல்லியிருக்கலாம்.

"மூணு பேருக்கு. சனிக்கிழமை" என்றேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒரு டின்னருக்கு மூணு மணி நேரம் கார் ஓட்டணுமா?" என்று கத்தினார். கத்தி முடித்துவிட்டு, சட்டையை இஸ்திரிக்குக் கொடுக்கப் போனார்.